மதிலுக்குள் எழுந்த எழுத்து

'பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்த்துவிட்டேன்' என்று ஒரு தந்தை பெருமிதத்துடன் கூறும்போது, அச்சொல்லுக்குள் பெண்கள் சிலர் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை. கேட்போர் நினைவுக்கும் வருவதில்லை. கான்வென்ட் என்றால் ஆங்கில வழிப் பள்ளி; கழுத்துப்பட்டையும் கறுப்புக் காலணியும். துறவுக் கன்னியர் ஒருவரேனும் இல்லாத பள்ளிகளும் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. சொற்கள் பொருள் மாறுவது மொழி வரலாற்றில் புதுமையன்று. 'நாற்றம்' என்னும் சொல் பட்ட பாட்டினை நாம் அறிவோம். ஆயினும் ஒரு சொல்லிலிருந்து அதனைக் கட்டியெழுப்பிய பெண்களே வெளியேற்றப்பட்டிருப்பது சற்று நின்று எண்ணத்தக்க செய்தியாகும்.

கான்வென்ட் என்பது கன்னியர் மடம். 1842-ஆம் ஆண்டு அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சிலர் கப்பலேறிச் சென்னையில் வந்திறங்கினர். இந்நாட்டில் உறவினர் எவரும் அவர்களுக்கு இல்லை. வந்தவர் திரும்பிச் செல்வதென்ற எண்ணமும் இல்லை. கறுப்பர் நகரம் என்று அந்நாளில் அழைக்கப்பெற்ற பகுதியில் தங்கிப் பெண் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். அவர்களையும் பிறரையும் தொடர்ந்து எழுந்த மடங்களே பிற்காலத்தில் நம் நாவில் பள்ளிகளாகச் சுருங்கின. மடத்தின் மதிலுக்குள் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், அவ்வாழ்க்கை எழுத்தில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படுவது. சமயத்தைப் புகழ்வதும் இகழ்வதும் நம் நோக்கமன்று. எழுத்தைப் பற்றியே பேசுவோம்.

பெண் துறவியை எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. கோவலன் கண்ணகியரோடு மதுரை வரை நடந்த கவுந்தியடிகள், அவ்விருவர்க்கும் நேர்ந்ததைக் கேட்டு உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். துறந்தவர்க்கும் துயர் உண்டு என்று காட்டிய இடம் அது. சாத்தனாரோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். மணிமேகலை துறவு பூணுவதை எதிர்ப்போர் யாவர், அவளைத் துரத்தி வருபவன் யாவன், பாட்டியாகிய சித்திராபதிக்கு அவளால் ஏற்படும் இழப்பு யாது என்பனவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதினார். துறவு அவளுக்குக் கொடுத்தது ஒரு பாத்திரம்; அப்பாத்திரம் கொடுத்தது ஒரு தொழில், பசித்தோர்க்குச் சோறிடுதல். அவள் அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய பகுதியை அந்தமானில் இருந்து படிப்பவர்க்கு நெஞ்சில் வேறோர் உணர்ச்சி தோன்றாமல் இராது. 693 அறைகள் கொண்ட செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே 1963-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனை எழுந்ததைக் கண்டவர்கள் அல்லவா நாம்! அதே காப்பியத்தில் சாதுவன் கலம் கவிழ்ந்து கரையேறும் நாகர் மலையை நிக்கோபார்த் தீவுகளோடு தொடர்புபடுத்துவாரும் உளர். அஃது எவ்வாறாயினும் ஆகுக. யார் தடுத்தார், எதை விட்டாள், என்ன வேலை செய்தாள் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையிறுப்பதே பெண் துறவியைப் பற்றிய நல்லெழுத்து என்பதைச் சாத்தனார் நமக்கு அளவுகோலாகத் தந்துவிட்டார்.

இவ்வளவுகோலைக் கொண்டு கன்னியரின் வாழ்க்கை வரலாறுகளை நோக்குவோமானால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. கோயில் வாயில்களில் விற்கப்பெறும் சிறு நூல்கள் பெரும்பாலும் ஓர் அச்சில் வார்த்தவை. குழந்தைப் பருவத்திலேயே பக்தி, பெற்றோரின் தடை, மடத்தில் நோய், முறையிடாத பொறுமை, புன்னகையோடு மரணம். பெயரையும் ஊரையும் மாற்றினால் ஒருவர் வரலாறு மற்றொருவர்க்குப் பொருந்திவிடும். காலையில் எழுந்து என்ன உண்டனர், யார் அடுப்பு மூட்டினர், எம்மொழியில் சண்டையிட்டனர் என்று கேட்டால் விடை கிடையாது. புனிதரைக் காட்டும் ஆர்வத்தில் மனிதரை மறைத்துவிடுவதே இவ்வகை நூல்களின் பெருங்குறை.

எடுத்துக்காட்டாக, நம் மலையாள அண்டை வீட்டார் இல்லங்களில் படமாக வீற்றிருக்கும் அல்போன்சாம்மாவின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1910-இல் கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் பிறந்தவர். தாயை இழந்து பெரியம்மாவின் கண்டிப்பில் வளர்ந்தவர். திருமணப் பேச்சு வந்தபோது, உமி எரியும் குழியில் தம் காலை இட்டுக்கொண்டார். உருக்குலைந்தால் மணம் பேச வரமாட்டார்கள் என்பது அச்சிறுமியின் கணக்கு. அப்பொழுது அவருக்கு வயது 13 அளவே. 1927-இல் பரணங்ஙானம் கிளாரச் சபை மடத்தில் சேர்ந்து, நோயிலேயே பெரும்பகுதி கழித்து, 1946-இல் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். 2008-இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

உமிக்குழி நிகழ்ச்சியை எல்லா நூல்களும் கூறுகின்றன. கன்னிமையின் மீது அவர் கொண்ட பற்றுக்குச் சான்றாகக் கூறுகின்றன. அது சரியே. ஆயினும், வேண்டாம் என்று வாயால் சொன்னால் செல்லாத ஒரு வீட்டில், காலைச் சுட்டுக்கொண்டால்தான் செல்லும் என்று 13 வயதுப் பெண் கண்டுகொண்டாளே, அந்த வீட்டைப் பற்றி அந்நூல்கள் ஏன் பேசுவதில்லை? பெரியம்மா கொடியவர் அல்லர். தாயில்லாப் பெண்ணை நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டுமென்று துடித்தவர். நம் குடும்பங்களில் இத்தகைய பெரியம்மாக்கள் இல்லையா? சித்திராபதிக்குச் சாத்தனார் காட்டிய நியாயத்தில் பாதியேனும் அப்பெரியம்மாவுக்குக் காட்டப்பட்டிருந்தால், அல்போன்சாம்மாவின் உறுதி இன்னும் ஒளி பெற்றிருக்கும் என்பது என் துணிபு.

கன்னியர் தாமே எழுதியவையாவது தடையின்றி வெளிவந்தனவா எனின், அதுவும் எளிதாக இல்லை. மடத்தில் எழுத்து என்பது கீழ்ப்படிதலின் ஒரு பகுதி. சிறுமலர் என்று நம்மவர் அழைக்கும் லிசியே நகரத்துத் தெரேசம்மாள் தம் வரலாற்றைத் தலைவியின் கட்டளைக்குப் பணிந்தே எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1898-இல், அந்நூல் அச்சேறியது. ஆனால் அவருடைய தமக்கையும் அதே மடத்துக் கன்னியுமான ஒருவர் பல்லாயிரம் இடங்களில் கைவைத்துத் திருத்திய பின்னரே அச்சேறியது. கையெழுத்துப் படி உள்ளவாறு வெளிவர 1956 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. கேரளத்திலும் தமிழகத்திலும் இருந்த மடங்களில் இளம் கன்னியர்க்கு முன்மாதிரியாகக் கொடுக்கப்பட்டது அத்திருத்திய நூலே. ஒருவர் எழுத்தை அன்பினாலும் சிதைக்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையில் கூனம்மாவு மடத்தின் வரலாறு நமக்குப் பெருஞ்செல்வமாகத் தோன்றுகிறது. எர்ணாகுளத்தை அடுத்த அச்சிற்றூரில் 1866 பிப்ரவரி 13-ஆம் நாள், மூங்கிற்பாயால் சுவர் வைத்த ஒரு குடிலில் நான்கு பெண்கள் துறவு வாழ்க்கையைத் தொடங்கினர். பனம்பு மடம் என்பது அதன் பெயர். பனம்பு என்றால் மூங்கிற்பாய். அந்நால்வருள் மூவர் ஒரே குடும்பத்தினர். இளமையிலேயே கணவனை இழந்த எலீசுவா, அவர் மகள் அன்னா, அவர் தங்கை தெரேசா. கைம்பெண்ணுக்கு மறுமணம் ஒன்றே வழி என்று உற்றார் எண்ணிய வேளையில், தாயும் மகளும் தங்கையுமாகச் சேர்ந்து வேறொரு வழியைக் கண்டனர். குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளாரும் இத்தாலியத் துறவியாகிய லெயோப்போல்து அடிகளாரும் துணை நின்றனர். ஈராண்டுக்குள் பெண்களுக்கென ஒரு பள்ளியும் விடுதியும் அங்கு எழுந்தன.

அம்மடத்தார் தம் நாள் நிகழ்ச்சிகளை நாளாகமம் என்ற பெயரில் மலையாளத்தில் எழுதி வைத்தனர். நாளாகமம் என்பது இலக்கியம் ஆகுமா என்று புலவர் சிலர் வினவலாம். ஆகும் என்பேன். எவர் வந்தார், எவர் போனார், எவர் இறந்தார் என்று நாள்தோறும் குறித்து வைப்பதில் அணிநலம் இராது. ஆனால் பெண்கள் கூடித் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதத் தகுந்தது என்று கருதிய துணிவு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுப் பெண்களுள் எத்தனை பேருக்கு அத்துணிவு வாய்த்தது? பொன்னியின் வெள்ளத்தையும் பொதிகைத் தென்றலையும் பாடிய செய்யுட்கள் ஆயிரம் உள. பெண்கள் பலர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்ததைப் பெண்களே எழுதிய ஏடுகள் எத்தனை உள?

அக்கூரை நெடுநாள் நிலைக்கவில்லை. சிரியன் வழிபாட்டு முறையினர், இலத்தீன் வழிபாட்டு முறையினர் என இரு திறத்தாரும் அம்மடத்தில் ஒருங்கே வாழ்ந்தனர். திருச்சபை அவ்விரு முறையினர்க்கும் வெவ்வேறு நிருவாகம் அமைத்தபோது மடமும் பிளவுபட்டது. 1890-இல் எலீசுவாவும் இலத்தீன் முறையினரான பிறரும் தாம் தொடங்கிய மடத்தை விட்டு வராப்புழைக்குப் பெயர்ந்தனர். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஒரே பந்தியில் உண்டவர்களைப் பிரித்த அத்தீர்மானத்தை எடுத்தவர்கள் ஆடவர்கள். இன்றும் அம்மடத்தின் நிறுவுநர் சாவரா அடிகளாரா, எலீசுவா அன்னையா என்பதில் அதன் வழிவந்த இரு சபைகளும் ஒருமித்த கருத்துடையன அல்ல. 2014-இல் சாவரா அடிகளார் புனிதர் ஆனார். 2025-இல் எலீசுவா அன்னை அருளாளர் ஆனார். வழக்கு யார் பக்கம் வென்றாலும், ஒரு கைம்பெண்ணின் முயற்சியை அவள் பெயரால் சொல்வதற்கு இத்தனை காலம் பிடித்தது என்பது மறுக்கவியலாதது.

தமிழ்நிலத்துக்கு வருவோம். புதுச்சேரியில் 1844-ஆம் ஆண்டு கூடிய மறைமாவட்டச் சங்கம் பெண் கல்வியைப் பற்றிப் பேசியது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தார். முசே அடிகளாருடன் சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவர் இவரே. ஆகையால் நம் மொழிக்கும் இவர் உறவினர். எழுத்தறிவு என்பது கோயில் நடனப் பெண்களுக்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்று மக்கள் எண்ணியிருந்த காலம் அது. அவ்வேளையில் வீட்டை விட்டு வெளியேறி, மணம் செய்யாமல், பிறர் வீட்டுப் பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்கத் துணிந்த அத்தமிழ்ப் பெண்கள் எத்தனை ஏச்சுக்களைக் கேட்டிருப்பர்! அகராதி தொகுத்தவரின் பெயரை நம் மொழி வரலாறுகள் குறிக்கின்றன. அரிச்சுவடி கற்பித்தவர்களுக்கு அவற்றில் ஒரு வரி ஒதுக்கப்படவில்லை.

வெளிநாட்டினின்று வந்த கன்னியர் நிலை வேறு. 1865-இல் மதுரை மறைத்தளத்துக்கு வந்த எலேன் தெ ஷப்போத்தேன் அம்மையார் பிரெஞ்சு உயர்குடிப் பிறப்பினர். திருச்சிராப்பள்ளியில் தலைமைப் பொறுப்பேற்றவர். சபைக்குள் எழுந்த பூசலால் 1876-இல் கன்னியர் இருபதின்மர் அதனை விட்டு நீங்கினர். அவர்தம் உதகை மடத்திலிருந்து மறு ஆண்டு ஒரு புதிய சபை பிறந்தது. அம்மையாரின் கடிதங்களும் தியான உரைகளும் பேணிக் காக்கப்பட்டு வந்துள்ளன. எழுதத் தெரிந்தவர், எழுதுவதற்கு நேரம் உடையவர், எழுதியதைக் காக்க ஒரு நிறுவனம் உடையவர். இம்மூன்றும் அமைந்தவர்க்கே வரலாறு.

மடத்துக்குள் இருந்த இருநிலைப் பிரிவையும் இங்கே கூறியாக வேண்டும். பல சபைகளில் இலத்தீன் மன்றாட்டுகளை ஓதிக் கற்பித்தலில் ஈடுபடும் கன்னியர் ஒரு நிலை. சமையல், சலவை, தோட்டம் என்று உழைக்கும் கன்னியர் மற்றொரு நிலை. முன்னவர் சீதனம் கொண்டு வந்தவர். அமரும் இடம் வேறு, அணியும் உடையிலும் வேறுபாடு. ஐரோப்பாவில் வர்க்கத்தால் வந்த இப்பிரிவு, நம் நாட்டில் நிறத்தோடும் சாதியோடும் கைகோத்துக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இதனைக் களையுமாறு பணிக்கும் வரை, ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்துக்கொண்டே இவ்வேற்றுமை வாழ்ந்தது.

இவை எதுவும் தெரியாமலே உலகப் புகழ் பெற்ற நாவல் ஒன்று உண்டு. ரூமர் காடன் 1939-இல் எழுதிய 'பிளாக் நார்சிஸஸ்', இமயமலையில் ஓர் அரண்மனையில் மடம் அமைக்க வந்த ஆங்கிலக் கன்னியரைப் பற்றியது. அவர்கள் கத்தோலிக்கர் அல்லர், ஆங்கிலிக்கர். காற்றும் உயரமும் அவர்கள் மனத்தைக் குலைப்பதை ஆசிரியர் திறம்படத் தீட்டியுள்ளார், அத்திறமையை மறுப்பதற்கில்லை. 1947-இல் அது திரைப்படமாயிற்று. படப்பிடிப்புக் குழு இமயத்தின் பக்கமே வரவில்லை. மலையும் அரண்மனையும் இங்கிலாந்திலேயே உருவாக்கப்பட்டன. நாவலில் நம்மவர் வேலையாட்களாகவும் விந்தையாகவும் வருவது ஏன் என்பதற்கு இதுவே போதிய விளக்கம்.

இனி, என் உள்ளத்துக்கு நெருங்கிய படைப்புக்கு வருகிறேன். மேரி ஜான் தோட்டம் 1899-இல் கேரளத்து இலஞ்ஞியில் பிறந்தவர், ஆசிரியையாகப் பணியாற்றியவர், மடத்தில் புகுமுன்னரே 'கீதாவலி' என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டவர். 1928-இல் கர்மலீத்தா மடத்தில் சேர்ந்து மேரி பெனிஞ்ஞா என்னும் துறவுப் பெயர் பூண்டார். அவ்வேளையில் பாடியது 'லோகமே யாத்ரா'. உலகத்தையே விளித்து விடைபெறும் அக்கவிதை மலையாளிகள் பலருக்கு இன்றும் மனப்பாடம்.

விடைபெறும் கவிதை எழுதுவதில் ஓர் இடர் உண்டு. விட்டுச் செல்வதை இழிவாகப் பாடினால் துறவுக்கு மதிப்பில்லை. குப்பையை எறிவது தியாகம் ஆகாது. உயர்வாகப் பாடினாலோ ஏன் போகிறாய் என்ற வினா எழும். பெனிஞ்ஞா இரண்டாவதைத் தேர்ந்தார். உலகத்தை எதிரியாக்கிச் சபிக்காமல், உறவினரிடம் விடைபெறுவதுபோல் விடைபெற்றார். அதனாலேயே மடத்துக்குப் போகாதவர்களும் அக்கவிதையில் தம்மைக் கண்டனர். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் நகரத் தொடங்கியதும் கரையில் நின்றவர்களின் முகம் சிறுத்துப் போவதைப் பார்த்திருந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. இலங்கைத் தோட்டங்களை விட்டுக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள் இருமுறை அவ்வாறு பார்த்தவர்கள். அவர்களுக்கு அக்கவிதையின் பொருளை எடுத்துச் சொன்னால் உரை தேவைப்படாது.

ஆனால் அக்கவிதையை மட்டும் பாராட்டி நிறுத்திவிடும் திறனாய்வாளரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பெண் உலகைத் துறக்கும் காட்சி அவர்களுக்கு இனிக்கிறது. அதன் பின்னர் அவள் என்ன செய்தாள் என்று அவர்கள் கேட்பதில்லை. பெனிஞ்ஞா அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். 1970-இல் 'மார்த்தோமா விஜயம்', 1977-இல் 'காந்தி ஜயந்தி' என இரு பெருங்காப்பியங்கள் படைத்தார். உலகிடம் விடைபெற்ற கன்னி, காந்தியடிகளைக் காப்பியத் தலைவராக்குகிறார்! மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தியிருந்தால் அக்காலப் பெண் ஒருத்திக்கு இரு காப்பியங்கள் எழுதும் ஓய்வும் தனியறையும் கிடைத்திருக்குமா? நேர்மையாக விடை கூறின், கிடைத்திருக்காது. மதில் சிலருக்கு அடைப்பு. சிலருக்கு அதுவே காப்பு.

மதில் என்றதும் இத்தீவின் மற்றொரு மதில் நினைவுக்கு வருகிறது. 1858-இல் அமைந்த கைதிகள் குடியிருப்பில், போர்ட் பிளேயரின் சவுத் பாயிண்ட் பகுதியில் பெண்களுக்கெனத் தனிச் சிறை இருந்தது. போர்ட் பிளேயர் என்ற பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. அங்கே அடைபட்டவர்களுக்குப் பழைய பெயரே தெரியும். கணவனைக் கொன்றதாகவும் சிசுவைக் கொன்றதாகவும் தண்டிக்கப்பட்டுக் கடல் கடத்தப்பட்டவர் அவர்களுள் பலர். குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தபின், நன்னடத்தை பெற்ற ஆண் கைதி ஒருவரை மணந்துகொண்டு வெளியேற இசைவு உண்டு. ஓரிடத்தில் மணத்தை மறுத்துப் பெண்கள் மதிலுக்குள் செல்கின்றனர். அதே காலத்தில், மற்றோரிடத்தில் மணத்தை ஏற்று மதிலுக்கு வெளியே வருகின்றனர். மடத்தைச் சிறை என்று எழுதுவோரும், துறக்கம் என்று எழுதுவோரும் இவ்விரு வாயில்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். விரும்பிச் சென்றவளா, அனுப்பப்பட்டவளா, திரும்பி வரக் கதவு உண்டா என்று கேட்காமல் மதிலைப் பற்றிப் பேசுவது பயனற்றது.

திரும்பி வந்தவரின் எழுத்து தமிழில் 1992-இல் வெளியாயிற்று. பாமாவின் 'கருக்கு' காலனியக் காலத்தைப் பற்றியது அன்று. அவர் மடத்தில் வாழ்ந்தது ஏழாண்டுகள், வெளியேறியது நூல் வந்த ஆண்டிலேயே. எனினும் காலனியக் காலம் கட்டிய வீட்டின் உட்புறத்தைத் தமிழில் முதலில் விளக்கேற்றிப் பார்த்த நூல்களுள் அதற்குத் தலையாய இடமுண்டு. தம்மைப்போன்ற தாழ்த்தப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வேண்டுமென்று மடம் புகுந்தவர், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியையும் சாதி பார்க்கும் பேச்சையும் அங்கே கண்டார். கீழ்ப்படிதல் என்ற சொல்லின் கீழே யார் யாருக்குப் படிகிறார் என்று கேட்டார். முன்னர்க் கூறிய இருநிலைப் பிரிவு சட்டத்தில் ஒழிந்தும் பந்தியில் ஒழியவில்லை என்பதற்கு அந்நூல் சாட்சி.

செந்தமிழ் நடையை விரும்பும் நம் சங்க அன்பர் சிலர்க்கு அந்நூலின் பேச்சுமொழி உவப்பாக இராது. எனக்கும் தொடக்கத்தில் இடறியது. பின்னர்த்தான் விளங்கியது: மடம் கொடுத்த மொழியில் மடத்தை எழுத முடியாது. மன்றாட்டு நூல்களின் மணிப்பிரவாளமும் மறையுரையின் மெருகும் அவர் சொல்ல வந்ததை விழுங்கியிருக்கும். பனங்கருக்கின் இருபுறமும் பல் இருப்பதுபோல, அம்மொழி சமூகத்தையும் அறுக்கிறது, எழுதுபவரையும் அறுக்கிறது. வெளியேறியபின் வேலையின்றி, எங்கும் ஒட்ட முடியாமல் தடுமாறியதையும் அவர் மறைக்கவில்லை. சாத்தனாரின் மூன்று வினாக்களுக்கும் கூசாமல் விடை தரும் நூல் அது. குறையொன்று சொல்வதாயின், உடன் வாழ்ந்த கன்னியர் தனித்தனி முகங்களாக எழாமல் ஒரு கூட்டமாகவே நின்றுவிடுகின்றனர். அக்கூட்டத்துக்குள்ளும் காலைச் சுட்டுக்கொண்டு வந்தவர் ஒருவர் இருந்திருக்கக் கூடும்.

விடைபெற்று உள்ளே சென்றவர் கவிதை எழுதினார். விடைபெற்று வெளியே வந்தவர் உரைநடை எழுதினார். பெனிஞ்ஞா 1985 மே மாதம் மறைந்தார். பாமா மடத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். பெனிஞ்ஞாவின் தன்வரலாறு அவர் மறைவுக்குப் பின் 1986-இல் நூலாயிற்று. 'வானம்பாடி' என்பது அதன் பெயர்.